சாவியைக் கொடுத்துவிட்டால் கடன் தீர்ந்ததா? திவால் நிலையில் அடமான வீட்டைத் திருப்பித் தருவது

நாலைந்து மாதத் தவணை நிற்கிறது. கிரெடிட் கார்டு, தனிநபர் கடன், கைமாற்று என்று மற்றவையும் கழுத்தை நெரிக்கின்றன. இனி மஞ்சக் கடுதாசிதான் வழி என்று ஆகும்போது பலருக்கும் தோன்றும் யோசனை இது: "வீட்டை பேங்கிடமே கொடுத்துவிடலாம். அவர்கள் வீட்டை எடுத்துக்கொள்ளட்டும், நம்மை விட்டுவிடட்டும்."

நியாயமான யோசனைதான். அவமானப்பட வேண்டிய காரியமும் இல்லை. ஆனால் அந்த யோசனைக்குள் இரண்டு தனித்தனி காரியங்கள் இருக்கின்றன. "வீட்டை எடுத்துக்கொள்ளட்டும்" என்பது ஒன்று. "நம்மை விட்டுவிடட்டும்" என்பது இன்னொன்று. முதலாவது நடந்தால் இரண்டாவதும் கூடவே நடந்துவிடும் என்று நினைத்துக்கொண்டு சாவியை மேஜையில் வைத்துவிட்டு வருகிறவர்கள்தான் பின்னால் சிக்கிக்கொள்கிறார்கள்.

கடன் வாங்கிய அன்றைக்குக் கட்டுக் கட்டாகக் கையெழுத்துப் போட்டிருப்போம். அந்தக் கட்டைப் பிரித்துப் பார்த்தால் அடிப்படையில் இரண்டு ஒப்பந்தங்கள் இருக்கும். "இந்தப் பணத்தை வட்டியோடு திருப்பித் தருகிறேன்" என்று நீங்கள் கொடுத்த வாக்கு ஒன்று. இது உங்கள் மேல் உள்ள கடன். உங்கள் சம்பளம், சேமிப்பு, வேறு சொத்து எல்லாம் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். இன்னொன்று அடமானம்: "நான் தராவிட்டால் இந்த வீட்டை விற்றுப் பணத்தை எடுத்துக்கொள்ளலாம்" என்ற உரிமை. இது வீட்டின் மேல் உள்ள பிடி. வீடு யார் கைக்கு மாறினாலும் இந்தப் பிடி வீட்டோடு சேர்ந்தே போகும்.

திவால் சட்டம் உங்கள் மேல் உள்ள கடனை அழிக்கும். வீட்டின் மேல் உள்ள பிடியைப் பெரும்பாலும் தொடாது. வீட்டைத் திருப்பித் தருவது அந்தப் பிடிக்குப் பதில் சொல்லும். உங்கள் மேல் உள்ள கடனைத் தானாக அழிக்காது. கீழே வரும் சிக்கல்கள் எல்லாம் இதிலிருந்து கிளம்புபவைதான்.

ஏலத்துக்குப் பிறகும் ஒரு பாக்கி

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பேங்கில் பாக்கி 50 லட்சம். வீட்டை ஒப்படைத்துவிட்டீர்கள். பேங்க் அதை வைத்துக்கொண்டு குடியிருக்கப் போவதில்லை, விற்கத்தான் போகிறது. விற்பதற்குள் சில மாதங்களோ ஒரு வருடமோ ஓடிவிடும். அதுவரை வட்டி ஓடும், அபராத வட்டி சேரும், வக்கீல் செலவு, ஏல விளம்பரம், மதிப்பீட்டாளர் கூலி, காவல் செலவு எல்லாம் உங்கள் கணக்கிலேயே ஏறும். விற்கிற அன்றைக்கு பாக்கி 54 லட்சம் ஆகியிருக்கிறது. ஏலத்தில் வீடு 38 லட்சத்துக்குப் போகிறது. ஏல விலை சந்தை விலையைவிடக் குறைவாக இருப்பது வழக்கமானதுதான்.

54-இல் 38 கழிந்தது. மீதி 16 லட்சம். வீடும் போய்விட்டது, அடமானமும் இல்லை. ஆனால் 16 லட்சம் கடன் உங்கள் பேரில் அப்படியே நிற்கிறது.

இந்த மிச்சப் பாக்கியைக் கேட்க முடியுமா என்பது நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலமே மாறும். கலிபோர்னியாவில், வீடு வாங்குவதற்காகவே எடுத்த கடனாக இருந்து, வாங்கியவரே அதில் குடியிருந்து, நாலு குடித்தனத்துக்கு மேற்படாத கட்டடமாகவும் இருந்தால், ஏலத்துக்குப் பின் மிச்சத்தைக் கேட்க முடியாது. 2008 நெருக்கடியில் வீட்டு விலை கடனைவிடக் கீழே விழுந்தபோது, சிலர் சாவியை உறையில் போட்டு பேங்குக்குத் தபாலில் அனுப்பிவிட்டு நகர்ந்தார்கள். 'ஜிங்கிள் மெயில்' என்ற பெயர் அப்போது பரவலாக அடிபட்டது. அந்தக் கதைகளைக் கேட்டுவிட்டுத்தான் "சாவியைக் கொடுத்தால் முடிந்தது" என்ற எண்ணம் உலகம் முழுக்கப் பரவியது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஸ்பெயினில் நிலைமை நேர் எதிர். அங்கே வீட்டுக் கடனுக்கு வீடு மட்டுமல்ல, இன்றைய சொத்தும் நாளைய வருமானமும் பொறுப்பு. வீட்டை இழந்தபின்னும் கடன் துரத்தியதால் பெரிய போராட்டங்கள் நடந்தன. 2012-இல் அரசு ஒரு நன்னடத்தை விதித்தொகுப்பைக் கொண்டுவந்தது. அதில் சேர்ந்த பேங்குகள், மிகவும் நலிந்த குடும்பங்களுக்கு வேறு வழி எதுவும் பலிக்காதபோது, வீட்டையே முழுக் கடனுக்கும் ஈடாக ஏற்றுக்கொள்ள வேண்டும். அந்தக் குடும்பம் இரண்டு வருடம் வரை வாடகைக்கு அதே வீட்டில் இருக்கவும் கேட்கலாம். ஆக, வீட்டைக் கொடுத்தால் கடன் தீரும் என்பதை ஒரு தனி ஏற்பாடாகப் போராடித்தான் வாங்க வேண்டியிருந்தது.

இங்கிலாந்தில் சாவியைக் கொடுத்தபின்னும் வீடு விற்கும் வரை வட்டி ஓடும். விற்றபின் மிச்சத்தில் அசலைக் கேட்டு வழக்குப் போட 12 வருடமும், வட்டிக்கு 6 வருடமும் அவகாசம் உண்டு. இன்னொரு வில்லங்கமும் அங்கே உண்டு: தானாக வீட்டைவிட்டு வெளியேறினால், வேண்டுமென்றே வீடிழந்தவர் என்று உள்ளாட்சி மன்றம் முடிவுகட்டலாம். அப்படி ஆனால் அரசு வீட்டு உதவி கிடைப்பது கஷ்டமாகலாம். நீதிமன்ற உத்தரவு வரும் வரை காத்திருந்தவரின் நிலைமை இதில் மேலாக இருக்க வாய்ப்புண்டு. சாவியைக் கொடுக்கும் முன் உள்ளாட்சி மன்றத்திடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

இந்தியாவில் 2002-இன் சர்ஃபேசி சட்டம், அதாவது நீதிமன்றம் போகாமலேயே அடமானச் சொத்தை எடுத்து விற்க பேங்குக்கு அதிகாரம் தரும் சட்டம். தவணை 90 நாள் தாண்டி நின்றால் கணக்கு வாராக் கடன் ஆகிறது. பேங்க் 60 நாள் கெடு வைத்து நோட்டீஸ் அனுப்புகிறது. அதற்கு நீங்கள் எழுத்தில் ஆட்சேபம் சொன்னால் 15 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். கெடு முடிந்தபின் வீட்டைச் சுவாதீனம் எடுக்கலாம். அதை எதிர்த்துக் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போக 45 நாள் அவகாசம். ஏல அறிவிப்பு வெளியாகும் வரை மொத்த பாக்கியையும் கட்டி வீட்டை மீட்கலாம். விற்றுக் கூடுதலாக வந்தால் அது உங்களுக்கு. குறைந்தால் அந்த மிச்சத்துக்கு பேங்க் தீர்ப்பாயத்தில் மனுப் போடலாம். நீங்களாகவே சமாதானமாக ஒப்படைத்தாலும் இந்த மிச்சம் தானாக மறையாது. "முழுக் கடனுக்கும் ஈடாக ஏற்றுக்கொண்டோம்" என்று பேங்க் எழுத்தில் தந்தால்தான் மறையும்.

அந்த ஒரு கடிதம் இருக்கிறதா இல்லையா என்பதுதான் எங்கேயும் முதல் கேள்வி. கிளை மேலாளர் வாயால் "பார்த்துக்கலாம் சார்" என்று சொன்னதற்கெல்லாம் மதிப்பில்லை. அவர் அடுத்த வருடம் வேறு ஊரில் இருப்பார்.

சரி, திவால் எங்கே வருகிறது?

அந்த 16 லட்சத்துக்குத்தான் திவால். வீட்டின் பிடி தீர்ந்தபின் மிஞ்சுவது அடமானம் இல்லாத வெறும் கடன். கிரெடிட் கார்டு பாக்கி மாதிரிதான் அதுவும். திவால் சட்டம் அழிக்கக்கூடிய வகை.

இது எப்படி நடக்கிறது என்பதை அமெரிக்க முறையில் பார்ப்பது சுலபம், ஏனென்றால் அங்கே இதற்கென்றே ஒரு படிவம் இருக்கிறது. திவால் சட்டத்தின் 7-ஆம் அத்தியாயத்தில் மனுச் செய்பவர், 108-ஆம் எண் படிவத்தை நிரப்ப வேண்டும். அடமானத்தில் இருக்கும் ஒவ்வொரு சொத்துக்கும் நேராகச் சில கட்டங்கள். சொத்தை ஒப்படைக்கிறேன்; சொத்தை வைத்துக்கொண்டு மீட்கிறேன்; வைத்துக்கொண்டு கடனை மறுபடி ஒப்புக்கொள்கிறேன்; வைத்துக்கொண்டு வேறு ஏதாவது செய்கிறேன். இதில் ஒன்றில் டிக் அடிக்க வேண்டும். மனுப் போட்ட 30 நாளுக்குள், அல்லது கடன் கொடுத்தவர்கள் கூட்டத்துக்கு முன், எது முதலில் வருகிறதோ அதற்குள்.

மூன்றாவது கட்டத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. கடனை மறுபடி ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால், திவால் அழித்திருக்கக்கூடிய கடனை நீங்களே திரும்பத் தலையில் ஏற்றிக்கொள்கிறீர்கள். ஒரு வருடம் கழித்து மறுபடி தவணை நின்றால், வீடும் போகும், மிச்சப் பாக்கியும் துரத்தும், அதே அத்தியாயத்தில் மறுபடி கடன் விடுவிப்புப் பெற முந்தைய மனுவிலிருந்து 8 வருடம் காத்திருக்கவும் வேண்டும். வீட்டின் மேலுள்ள பாசத்தில் போடக்கூடாத கையெழுத்து இது.

முதல் கட்டத்தில் டிக் அடித்தால்? மனுப் போட்டதுமே எல்லா வசூல் நடவடிக்கையும் ஒரு தடையுத்தரவில் நின்றுவிடும். பேங்க் நீதிமன்றத்தில் அனுமதி வாங்கிக்கொண்டோ, வழக்கு முடியும் வரை காத்திருந்தோ வீட்டை ஏலத்துக்குக் கொண்டுபோகும். சாதாரண வழக்காக இருந்தால் சுமார் நாலு மாதத்தில் உங்களுக்குக் கடன் விடுவிப்பு உத்தரவு வரும். அதன்பின் வீடு எவ்வளவுக்கு விற்றாலும், மிச்சத்தை உங்களிடம் கேட்கக் கூடாது.

இங்கிலாந்தில் திவாலானவர் வழக்கமாக 12 மாதத்தில் விடுவிக்கப்படுகிறார். கடன் திவாலுக்கு முன் வாங்கியதாக இருந்தால், வீடு அதற்குப் பின் விற்று வந்த மிச்சமும் அந்தத் திவாலுக்குள்ளேயே அடங்கும். ஏலம் தாமதமானால் என்ன ஆகும் என்று பயப்பட வேண்டாம்.

இந்தியாவில் இந்தப் பாதை கரடுமுரடு. 2016-இன் திவால் சட்டத்தில் தனிநபர்களுக்கான பகுதி, 2019 டிசம்பரில் கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் போட்டவர்களுக்கு மட்டும் அமலுக்கு வந்தது. சாதாரணச் சம்பளக்காரருக்கு இன்னும் பழைய சட்டம்தான்: சென்னை, மும்பை, கொல்கத்தா நகரங்களுக்கு 1909-இன் சட்டம், மற்ற இடங்களுக்கு 1920-இன் சட்டம். இந்த 1920 சட்டத்தில், கடன் 500 ரூபாயைத் தொட்டாலே ஐ.பி., அதாவது திவால் மனு, கொடுக்கலாம் என்று இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்துத் தொகையை யாரும் மாற்றவில்லை. ஐ.பி. கொடுத்தால் அடமானம் வைத்திருக்கும் பேங்கைத் தடுக்க முடியாது என்பதையும் அந்தச் சட்டமே சொல்லிவிடுகிறது. வீட்டைக் காப்பாற்ற ஐ.பி. கொடுக்கிறேன் என்று யாராவது சொன்னால், தப்பான கதவைத் தட்டுகிறார். நடைமுறையில் பலரும் முதலில் பேசிப் பார்ப்பது ஒன் டைம் செட்டில்மென்ட்தான், அதாவது பேங்கோடு பேசி ஒரு தொகைக்குக் கணக்கை முடித்துக்கொள்வது.

ஒப்படைத்தாயிற்று, ஆனால் வீடு யாருடையது?

இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. அமெரிக்கப் படிவத்தில் "ஒப்படைக்கிறேன்" என்று டிக் அடித்தால் வீடு அன்றைக்கே பேங்குக்கு மாறிவிடுவதில்லை. அதன் பொருள் "நீங்கள் எடுத்துக்கொள்வதை நான் தடுக்க மாட்டேன்" என்பது மட்டுமே. பேங்க் எடுத்தே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. விலை படுத்துவிட்ட ஊர்களில் பேங்குகள் வருடக்கணக்கில் ஏலம் போடாமல் விட்டதும் உண்டு. பத்திரம் மாறும் வரை சட்டப்படி உரிமையாளர் நீங்கள்தான்.

உரிமையாளர் என்றால் பெருமைக்கு மட்டும் அல்லவே. சொத்து வரி நோட்டீஸ் உங்கள் பேருக்கு வரும். புல் வளர்ந்து கிடந்தால் நகராட்சி அபராதம் உங்களுக்கு. காலி வீட்டில் யாராவது வழுக்கி விழுந்தால் வழக்கும் உங்கள் மேல். அடுக்குமாடியாக இருந்தால் சங்கத்துக்குக் கட்டும் மாதப் பராமரிப்பு இன்னும் மோசம்: திவால் மனுவுக்கு முன் சேர்ந்த பாக்கி அழியும், ஆனால் மனுவுக்குப் பின் சேருவது, உங்கள் பேரில் உரிமை இருக்கும் வரை, அழியாது என்று அமெரிக்கச் சட்டத்தில் தெளிவாகவே எழுதியிருக்கிறது. திவாலாகிப் புதிதாகத் தொடங்க நினைத்தவருக்குப் போன வீட்டிலிருந்து புதுக் கடன் முளைப்பது இப்படித்தான்.

அதனால் அவசரப்பட்டு வீட்டைக் காலி செய்யாதீர்கள் என்று அங்குள்ள வக்கீல்கள் சொல்வதில் அர்த்தம் இருக்கிறது. ஏலம் முடியும் வரை குடியிருக்கலாம். தவணை இல்லை, வாடகை இல்லை. வீடும் பராமரிப்பில் இருக்கும். அந்த மாதங்களில் சேர்கிற பணம் அடுத்த வீட்டு அட்வான்ஸுக்கு ஆகும். சில பேங்குகள் ஒரு தேதிக்குள் சுத்தமாகக் காலி செய்து தந்தால் கையில் கொஞ்சம் பணமும் கொடுக்கின்றன. போவதற்கு முன் காப்பீட்டை மட்டும் நிறுத்திவிட வேண்டாம். பல பாலிசிகளில் வீடு காலியாகக் கிடந்தால் செல்லாது என்ற வரி இருக்கும், அதையும் படித்துக்கொள்ளுங்கள்.

எது முதலில்?

வீட்டைக் கொடுத்துவிட்டு திவாலா, திவாலில் வைத்தே வீட்டைக் கொடுப்பதா? அதற்கும் முன்னால் கேட்க வேண்டியது, கொடுக்கத்தான் வேண்டுமா என்பது. வீட்டு மதிப்பு கடனைவிட அதிகம் என்றால் திருப்பித் தருவதில் அர்த்தமே இல்லை. பேங்கின் சம்மதத்தோடு நீங்களே விற்றால் ஏலத்தைவிட நல்ல விலை வரும். கடனைவிட மதிப்பு குறைந்துபோன வீடுகளுக்குத்தான் இந்தப் பேச்செல்லாம்.

திவால் எப்படியும் நடக்கப் போகிறது என்றால், அதற்குள் வைத்தே வீட்டையும் தீர்ப்பது பல நேரம் லாபம். ஒரு காரணம் வரி. அமெரிக்காவில் பேங்க் தள்ளுபடி செய்த கடன் உங்களுக்கு வருமானமாகக் கணக்கிடப்படலாம். திவாலில் அழிந்த கடன் அப்படி ஆகாது. மறுபக்கம், திவாலே தேவைப்படாத அளவுக்கு மற்ற கடன் குறைவாக இருந்து, வீட்டை முழு ஈடாக ஏற்று எழுத்தில் தர பேங்க் சம்மதித்தால், வீட்டை மட்டும் கொடுத்துத் தப்பிக்கலாம். ஆனால் வீட்டின் மேல் இரண்டாவது அடமானம் இருந்தால் முதல் பேங்க் பெரும்பாலும் இதற்குச் சம்மதிக்காது, ஏனென்றால் அந்த இரண்டாவது பிடியோடு சேர்த்துத்தான் வீடு அவர்களுக்கு வரும்.

எந்த வரிசையிலும் செய்யக் கூடாத ஒன்று: திவாலுக்கு முன் சொத்தை மச்சான் பேருக்கு எழுதி வைப்பது. இது புது யோசனை என்று நினைத்துச் செய்பவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். அதனால்தான் எல்லா நாட்டுச் சட்டத்திலும் இதற்கு ஒரு பிரிவு இருக்கிறது. அமெரிக்கத் திவால் சட்டம் 2 வருடம் பின்னோக்கிப் பார்க்கும், மாநிலச் சட்டங்கள் அதையும் தாண்டிப் போகும். இங்கிலாந்தில் மதிப்புக்குக் குறைவாகக் கைமாற்றியதை 5 வருடம் வரை தோண்டலாம். மாற்றியது ரத்தாகும், அதைவிட மோசம், கடன் விடுவிப்பே கைவிட்டுப் போகலாம்.

கூடக் கையெழுத்துப் போட்டவர்

கணவன் மனைவி சேர்ந்து வாங்கிய கடன், அப்பா இணைக் கடனாளியாக நின்ற கடன், நண்பர் ஜாமீன் போட்ட கடன். இவற்றில் ஒருவர் திவாலானால் அவருடைய பொறுப்பு மட்டும்தான் அழிகிறது. மேலே சொன்ன 16 லட்சம், பாதி பாதியாகப் பிரியாது. முழுத் தொகையும் மற்றவர் மேல் நிற்கும். ஓய்வூதியம் வாங்கும் அப்பாவுக்கு ஒரு நாள் வக்கீல் நோட்டீஸ் வந்து, மகன் வீட்டைக் கொடுத்துவிட்டான் என்பதே அவருக்கு அப்போதுதான் தெரிய வருவது நடக்கக்கூடாத விஷயம். பேங்கிடம் பேசுவதற்கு முன்பே அவரிடம் பேசிவிடுங்கள். சில இடங்களில் இருவரும் சேர்ந்து மனுச் செய்வதே வழியாக இருக்கும்.

ஒப்படைக்கும் நாளில்

முன்கூட்டியே தேதியும் நேரமும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வந்திருப்பவர் பேங்கின் ஆளா, வசூல் ஏஜென்டா என்று அடையாள அட்டையைப் பாருங்கள். ஒவ்வொரு அறையையும் வீடியோ எடுங்கள், கழிப்பறை உட்பட. மின் மீட்டர், தண்ணீர் மீட்டர், காஸ் மீட்டர் அளவைத் தேதி தெரியும்படி படம் எடுத்து, இணைப்புகளை உங்கள் பேரிலிருந்து மாற்ற விண்ணப்பம் கொடுங்கள். சுவரோடு சேர்ந்தவை வீட்டோடு சேர்ந்தவை. கோபத்தில் அலமாரியைப் பெயர்த்துக்கொண்டு போனால் அதன் விலை மிச்சப் பாக்கியில் ஏறும், சில இடங்களில் குற்ற வழக்காகவும் ஆகும். எத்தனை சாவி, எந்தெந்தக் கதவுக்கு என்று பட்டியல் எழுதி, பெற்றுக்கொண்டவரின் கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். கேட்டால் சங்கடப்படுவார்கள். பரவாயில்லை, கேளுங்கள்.

அதோடு, புது முகவரியைப் பேங்குக்கு எழுத்தில் கொடுங்கள். நோட்டீஸ் பழைய வீட்டுக் கதவில் ஒட்டப்பட்டு, யாரும் பார்க்காமலேயே ஏலமும் கணக்கும் முடிந்துபோவது சகஜம்.

விற்றபின் எவ்வளவுக்கு விற்றது, என்னென்ன செலவு கழித்தார்கள் என்ற கணக்கைக் கேட்டு வாங்குங்கள். மதிப்பீட்டைவிடப் படுகுறைவாக விற்றிருந்தால் கேள்வி எழுப்ப இடம் உண்டு. பதிவு அலுவலகத்தில் பேர் மாறிவிட்டதா என்று நீங்களே ஒருமுறை பாருங்கள். கிரெடிட் அறிக்கையில் இந்தக் கடன் பூஜ்ஜிய பாக்கியாக வந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அமெரிக்காவில் 7-ஆம் அத்தியாயத் திவால் அந்த அறிக்கையில் 10 வருடம் வரை இருக்கும், ஆனால் அழிந்த கடனை இன்னும் நிலுவையில் இருப்பதாகக் காட்டக் கூடாது. காட்டினால் விடுவிப்பு உத்தரவின் நகலை இணைத்துத் திருத்தச் சொல்லலாம். அந்த உத்தரவையும், சாவி ரசீதையும், விற்பனைக் கணக்கையும் ஒரே கோப்பில் போட்டு வையுங்கள். பேங்குகள் பழைய பாக்கிகளை மொத்தமாக வசூல் கம்பெனிகளுக்கு விற்பதுண்டு; பல வருடம் கழித்து அப்படி ஒரு கம்பெனியிலிருந்து போன் வந்தால், அனுப்பிவைக்க அந்த மூன்று நகலும் போதும்.